நெஞ்சு சுத்தம், மூச்சு முட்டுது: நுரையீரல் அடைப்பை அடையாளம் காண்பது

மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் இரண்டு பக்கமும் காற்று தாராளமாகப் போய் வருகிறது. இளைப்புச் சத்தம் இல்லை, சளிச் சத்தம் இல்லை. எக்ஸ்ரேயில் நிமோனியா இல்லை. இ.சி.ஜி.யில் மாரடைப்பு இல்லை. "எல்லாம் கிளியரா இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லி, வாய்வுக்கு ஓர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புவது சுலபம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒரு நோயில் மட்டும், எல்லாம் கிளியராக இருந்தும் ஆள் மூச்சு வாங்குகிறார் என்பதே முக்கியமான தடயம்.

அந்த நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் பல்மனரி எம்பாலிசம், சுருக்கமாக பி.ஈ. தமிழில் நுரையீரல் தமனி அடைப்பு என்று சொல்லலாம். நான் மருத்துவர் அல்ல. எங்கள் வீட்டில் ஒருவருக்கு இது வந்த பிறகு, கிடைத்ததையெல்லாம் படித்து, தெரிந்த மருத்துவர்களைத் தொந்தரவு செய்து, எடுத்து வைத்த குறிப்புகள் இவை. படித்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான்: இந்த நோயை நெஞ்சில் மட்டும் தேடினால் கிடைக்காது. காலிலும், நோயாளியின் கடைசி ஒரு மாதக் கதையிலும் தேட வேண்டும்.

காலில் பிறந்து நெஞ்சுக்கு வருவது

காலின் ஆழத்தில் ஓடும் பெரிய சிரைகளில் ரத்தம் சில சமயம் உறைந்து கட்டியாகிவிடும். இதை டி.வி.டி. என்பார்கள். அந்தக் கட்டியின் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டால், அது தொடை வழியாக, வயிற்றின் பெரிய சிரை வழியாக, இதயத்தின் வலது பக்கத்துக்கு வந்து சேரும். வழி முழுக்க குழாய் அகலமாகிக்கொண்டே போவதால் எங்கேயும் மாட்டாது. வலது இதயத்தைத் தாண்டியதும் நுரையீரல் தமனி கிளை கிளையாகப் பிரிந்து குறுகுகிறது. அங்கேதான் மாட்டும்.

இப்போது படிக்க எளிதாக இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க வெகுகாலம் ஆனது. 1816-ல் பாரிசில் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய ரெனே லென்னெக், 1819-ல் வெளியிட்ட தன் பெரிய நூலில், இறந்தவர்களின் நுரையீரலில் ரத்தம் ஊறிக் கெட்டியான திட்டுகள் இருப்பதை விவரித்திருக்கிறார். அவை எங்கிருந்து வந்தன என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்த நூல் வந்து நான்கே வருடத்தில், 1823-ல், நம்ம ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான். (1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆகி, 1964-ல் ஜிப்மர் என்ற பெயர் வந்தது.) ஆக, புதுச்சேரியில் முதல் மாணவர்கள் உட்கார்ந்தபோது ஸ்டெதஸ்கோப் புத்தம்புதிய கருவி, காலுக்கும் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பு தெரியாத சங்கதி.

அதை நிறுவியவர் பெர்லினில் ருடால்ஃப் வீர்கோ. 1840-களின் பின்பாதியில் அவர் நாய்களின் கழுத்துச் சிரைக்குள் ரப்பர்த் துண்டுகளையும் உறைந்த ரத்தக்கட்டிகளையும் விட்டுப் பார்த்தார். பிறகு நுரையீரலைத் திறந்தால் அதே துண்டுகள் தமனிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. கட்டி அங்கேயே உண்டானதல்ல, வேறிடத்திலிருந்து பயணம் செய்து வந்தது என்பது அப்படித்தான் உறுதியானது. எம்பாலிசம் என்ற சொல்லும் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததுதான்.

ஏன் நெஞ்சு சுத்தமாகக் கேட்கிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. ஸ்டெதஸ்கோப் கேட்பது காற்றின் சத்தத்தை. ஆஸ்துமாவில் காற்றுக்குழாய் சுருங்குகிறது, நிமோனியாவில் காற்றறையில் நீர் கோக்கிறது. இரண்டிலும் சத்தம் மாறும். பி.ஈ.யில் காற்றுப் பாதை திறந்தே இருக்கிறது. காற்று வருகிறது, அதை வாங்கிக்கொள்ள ரத்தம்தான் வருவதில்லை. பஸ் வந்து நிற்கிறது, ஏற ஆளில்லை என்ற கதை.

வலி கொடுக்கும் கட்டி, வலிக்காத கட்டி

பாடப்புத்தகத்தில் மூன்று அறிகுறிகளைச் சேர்த்துச் சொல்வார்கள்: திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம். மூன்றும் ஒன்றாக வந்தால்தான் பி.ஈ. என்று காத்திருந்தால் பெரும்பாலோரைத் தவறவிடுவோம். 1991-ல் அமெரிக்காவில் ஸ்டைன் குழுவினர், முன்பு இதய நோயோ நுரையீரல் நோயோ இல்லாமல், பி.ஈ. உறுதியான 117 பேரின் அறிகுறிகளைக் கணக்கெடுத்தார்கள். மூச்சுத்திணறல் 73 சதவீதம் பேருக்கு இருந்தது. மூச்சை இழுக்கும்போது குத்தும் வலி 66 சதவீதம். இருமல் 37. இருமலில் ரத்தம் வெறும் 13. வேகமாக மூச்சு விடுவது 70 சதவீதம் பேரிடம் தெரிந்தது. நாடித்துடிப்பு 100-க்கு மேல் போனது 30 சதவீதம் பேருக்குத்தான்.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். "நாடி நார்மலாத்தானே இருக்கு" என்பது பி.ஈ. இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: மூச்சுத்திணறல், வேக மூச்சு, குத்தும் நெஞ்சுவலி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தவர்கள் 97 சதவீதம். மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் பி.ஈ. வருவது அரிது.

இந்த நெஞ்சுவலி எப்படி இருக்கும்? மாரடைப்பில் யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி அழுத்தும் என்பார்கள். இதில், மூச்சை இழுத்தால் ஒரு பக்கமாகக் கத்தி சொருகுகிற மாதிரி இருக்கும். விரலால் இடத்தைக் காட்ட முடியும். சின்னக் கட்டி நுரையீரலின் ஓரம்வரை போய் அடைத்து, அங்கே உள்ள திசு செத்து, மேலே போர்த்தியிருக்கும் உறை புண்ணாவதால் வரும் வலி அது. இருமலில் ரத்தம் வருவதும் அதே இடத்திலிருந்துதான். "தசைப் பிடிப்பு" என்று தைலம் தடவிவிட்டுப் படுப்பது இந்த வலியில்தான் நடக்கும்.

பெரிய கட்டியின் முகம் வேறு. அது ஓரத்துக்குப் போவதில்லை. நடுவிலேயே, பெருந்தமனியின் கவட்டையிலேயே அடைக்கும். அங்கே வலிக்க உறை இல்லை. அதனால் குத்தும் வலி இல்லாமலே இருக்கலாம். அடி வாங்குவது இதயத்தின் வலது கீழறை. நுரையீரலுக்கு ரத்தம் தள்ள அதிக அழுத்தம் தேவையில்லை என்பதால் அந்த அறையின் சுவர் மெல்லியது. திடீரென்று எதிரே கதவைச் சாத்தினால் அதால் தள்ள முடியாது. வீங்கும், தளரும். இடது பக்கத்துக்கு ரத்தம் வந்து சேராது. ரத்த அழுத்தம் விழும்.

வெளியே தெரிவது இவ்வளவுதான்: எழுந்து பாத்ரூம் போனவர் மயங்கி விழுகிறார். தெளிந்ததும் வியர்த்துக் கொட்டுகிறது, கை கால் சில்லிட்டிருக்கிறது, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. கழுத்துச் சிரை புடைத்து நிற்கலாம். ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போயிருந்தால் உயிருக்கு உடனடி ஆபத்து. கழுத்துச் சிரை புடைத்து, ரத்த அழுத்தம் விழுந்து, நெஞ்சில் மட்டும் சத்தம் சுத்தமாக இருந்தால் அனுபவமுள்ள மருத்துவர் மனதில் முதலில் வரும் பெயர்களில் பி.ஈ. ஒன்று.

சுருக்கமாகச் சொன்னால், வலிக்கிற கட்டி பெரும்பாலும் சின்னது. ஆளைச் சாய்க்கிற கட்டி வலிக்காமலே வரலாம்.

எங்கள் அத்தைக்கு நடந்தது

அப்பாவின் அக்கா, அப்போது வயது 61. முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து பதினாறாவது நாள். காலையில் பாத்ரூமில் மயங்கிவிட்டார். எழுப்பி உட்கார வைத்ததும் "ஒண்ணுமில்லடா, தலை சுத்துச்சு" என்றார். ஆனால் வாக்கியத்தை முடிக்க நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினார். பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இ.சி.ஜி. எடுத்தார்கள். நாடி 112 என்பதைத் தவிர ஒன்றுமில்லை. எக்ஸ்ரே கிளியர். நெஞ்சு கிளியர். சாப்பிடாமல் இருந்ததால் மயக்கம், பதட்டத்தில் மூச்சு வாங்குது என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி மதியம் அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவே முடியவில்லை. வேறோர் ஆஸ்பத்திரி. அங்கே பணியில் இருந்தது படிப்பு முடித்து அதிக நாள் ஆகாத ஒரு பெண் டாக்டர். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு போர்வையை விலக்கி இரண்டு காலையும் பார்த்தார். ஆபரேஷன் செய்த காலின் கெண்டைச் சதை பெரிதாக இருந்தது. "ஆபரேஷன் பண்ண கால்ல வீக்கம் இருக்கத்தானே செய்யும்?" என்றேன். "முழங்கால்ல இருக்கும்மா, சரி. கெண்டையில ஏன் இப்படி இருக்கணும்? எப்ப இருந்து?" என்று அத்தையிடம் கேட்டார். மூணு நாளாக என்று அத்தை சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஹெபரின் ஊசி போட்டார்கள். சி.டி. ஸ்கேன் அதற்கப்புறம்தான். இரண்டு நுரையீரலிலும் அடைப்பு.

அத்தை இன்று நன்றாக இருக்கிறார். காலையில் பார்த்த இடத்திலும் மாலையில் பார்த்த இடத்திலும் இருந்த கருவிகள் ஒன்றேதான். காலையில் யாரும் போர்வையை விலக்கவில்லை. நான் யோசித்து யோசித்துப் பார்த்ததில் வித்தியாசம் அவ்வளவுதான்.

கடைசி ஒரு மாதம்

ரத்தம் குழாய்க்குள் உறைய மூன்று வழிகள் உண்டு என்று சொல்வார்கள்: ஓட்டம் மந்தமாவது, குழாய்ச் சுவர் அடிபடுவது, ரத்தமே உறையும் தன்மை கூடுவது. நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இந்த மூன்றிலிருந்து வருபவை.

ஆபரேஷன், அதிலும் இடுப்பு, முழங்கால், வயிறு. எலும்பு முறிந்து காலில் மாவுக்கட்டு. காய்ச்சலோ பக்கவாதமோ வந்து மூன்று நாளுக்கு மேல் படுக்கை. இவற்றில் ரத்த ஓட்டம் மந்தமாவதும் குழாய் அடிபடுவதும் சேர்ந்தே நடக்கும்.

பிரசவம். கர்ப்ப காலத்தில் ரத்தம் இயல்பாகவே உறைய ஆயத்தமாகிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்த உடம்பு செய்யும் ஏற்பாடு அது. பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரத்தில் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011-லேயே ஒருமுறை நுரையீரலில் அடைப்பு வந்திருந்தது. 2017 செப்டம்பரில் சிசேரியன் முடிந்த மறுநாள் மூச்சு முட்டியபோது, தனக்கு சி.டி. ஸ்கேனும் ஹெபரினும் வேண்டும் என்று அவரே நர்ஸிடம் கேட்டிருக்கிறார். வலி மருந்தின் குழப்பத்தில் பேசுகிறார் என்று நினைத்தார்களாம். காலைத்தான் முதலில் ஸ்கேன் செய்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு சி.டி. எடுத்தால் நுரையீரலில் கட்டிகள். இதை அவரே பின்னால் பத்திரிகைப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். உலகம் அறிந்தவர், என்ன சோதனை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டவர், அவருக்கே இப்படி. நம் வீடுகளில் "பச்ச உடம்பு, எழுந்து நடக்காதே, தண்ணி அதிகம் குடிக்காதே" என்று படுக்க வைக்கப்படும் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால், பிரசவ அசதி என்றுதான் முதலில் சொல்வோம். நடமாட்டமில்லாமல் கிடப்பதும், தண்ணீர் குறைவதும் உறைதலுக்குத் தோதானவை. பெரியவர்களோடு சண்டை போட வேண்டாம். வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடக்கவும் போதுமான தண்ணீர் குடிக்கவும் விட்டால் போதும்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை. மாதவிலக்கைத் தள்ளிப்போடவும் ஒழுங்குபடுத்தவும் தரப்படும் ஹார்மோன் மாத்திரைகளிலும் சிலவற்றுக்கு இந்த ஆபத்து உண்டு. "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் பலர் இதை மருந்து என்று கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

புற்றுநோய். பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூசோ 1860-களில், காரணமில்லாமல் சிரைகளில் உறைகட்டி வருபவர்களுக்கு உள்ளே புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். சில வருடங்களில் தன் உடம்பிலேயே அந்த அறிகுறியைக் கண்டார். 1867-ல் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். இன்றும் அந்த அறிகுறிக்கு அவர் பெயர்தான்.

கடைசியாக, வெறுமனே உட்கார்ந்திருப்பது. 1940-ல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் இரவெல்லாம் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலியில் தூங்கியபோது, பி.ஈ.யால் திடீரென இறந்தவர்களின் எண்ணிக்கை எகிறியதை கீத் சிம்ப்ஸன் என்ற மருத்துவர் பதிவு செய்தார். 1954-ல் பாஸ்டனின் ஜான் ஹோமன்ஸ், 14 மணி நேர விமானப் பயணத்துக்குப் பிறகு காலில் உறைகட்டி வந்த ஒரு மருத்துவரைப் பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் உறைகட்டி ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயில் எல்லாம் சேர்த்தி. பயந்துவிட வேண்டாம், ஆரோக்கியமானவர்களுக்கு அந்த இரண்டு மடங்கும் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான்.

ஆனால் இந்த ஊருக்கு இது கொஞ்சம் சொந்த விஷயம். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள், சொல்தா பென்ஷன் வாங்கியவர்களின் பிள்ளைகள், பேரன்கள் என்று பாரிசுக்குப் போய் வருபவர்கள் நம்மிடம் ஏராளம். மீனம்பாக்கத்துக்குக் காரில் மூன்று மணி நேரம், அங்கே காத்திருப்பு மூன்று மணி நேரம், பிறகு விமானத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல். வழியில் மாறிப் போனால் இன்னும் கூடும். பயணம் செய்பவர் எழுபது வயது, முழங்கால் தேய்மானம், பருமன், எழுந்து நடந்தால் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தொந்தரவு என்று சங்கோஜம். வந்து இரண்டு வாரத்துக்குள் மூச்சு வாங்கினால், "ஊர் வெயில் ஒத்துக்கலை" என்று முடிவு கட்டுவதற்கு முன் பயணத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

புதுச்சேரியில் வீங்கிய கால்

காலைப் பார்ப்பதில் நம்ம ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் இங்கே பழைய ஆட்கள் முதலில் சொல்லும் பெயர் யானைக்கால். காரணமில்லாமல் இல்லை. தேங்கிய சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசுவால் ஃபைலேரியா இந்த நகரத்தில் பரவியிருந்தது. 1975-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொசு போன்ற நோய்க்கடத்திகளை ஆராயும் மையத்தைப் புதுச்சேரியில்தான் அமைத்தது. 1981 முதல் 1985 வரை அந்த மையம் நகரம் முழுக்க நடத்திய கொசு ஒழிப்புத் திட்டம் அறிவியல் உலகில் பேசப்பட்ட ஒன்று. அந்த நினைவு இன்னும் ஊரில் தங்கியிருப்பதால், புதிதாக வீங்கிய கால்கூடப் பழைய பெயரோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

வித்தியாசத்தைக் காட்டுவது காலம்தான். யானைக்கால் வீக்கம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்வது. நடுநடுவே குளிர் காய்ச்சல் வரும், தொடை இடுக்கில் நெறி கட்டும், காலில் சிவப்பு ஓடும், சில நாளில் தணியும். போகப் போகத் தோல் தடித்துச் சொரசொரப்பாகும். உறைகட்டி வீக்கம் நாள் கணக்கில் வருவது. கெண்டைச் சதை கனத்து, உள்ளே வலித்து, தொட்டால் சூடாக இருக்கும். நடக்கும்போது பிடித்து இழுக்கும். இடது காலில் சற்று அதிகம் வரும். வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையை இடுப்புக்குள் குறுக்கே அழுத்திக்கொண்டு போவது அதற்கு ஒரு காரணம்.

அளந்து பார்க்க டெய்லர் டேப் போதும். முழங்கால் சிப்பிக்குக் கீழே எலும்பு ஒரு மேடாகத் தட்டுப்படும். அதற்குக் கீழே 10 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளக்க வேண்டும். வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் டாக்டர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பாதத்தை மேலே மடக்கி வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய பரிசோதனை ஒன்று உண்டு. அது நம்பகமானதல்ல. கெண்டைச் சதையை அழுத்திப் பிசைவது, எண்ணெய் போட்டு உருவிவிடுவது கூடவே கூடாது. ஏற்கெனவே யானைக்கால் உள்ளவருக்கும் உறைகட்டி வரலாம். பழைய வீக்கத்தின் மேல் புது வலி வந்தால் புது நோய் என்றே பார்க்க வேண்டும். இன்னொன்று: கால் நன்றாக இருப்பது பி.ஈ. இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. கட்டி முழுசாகப் பிய்த்துக்கொண்டு மேலே போயிருக்கலாம்.

சந்தேகத்துக்கு மதிப்பெண்

இவ்வளவும் சேர்ந்தால் எவ்வளவு சந்தேகப்படலாம்? கனடாவின் ஃபிலிப் வெல்ஸ் குழுவினர் 2000-ல் ஒரு மதிப்பெண் முறை கொடுத்தார்கள். இன்றும் உலகெங்கும் புழங்குவது அது.

- காலில் உறைகட்டியின் அறிகுறி இருந்தால்: 3
- வேறெந்த நோயையும்விட பி.ஈ.தான் பொருந்துகிறது என்றால்: 3
- நாடி 100-க்கு மேல்: 1.5
- மூன்று நாளுக்கு மேல் படுக்கை, அல்லது நான்கு வாரத்துக்குள் ஆபரேஷன்: 1.5
- முன்பு டி.வி.டி. அல்லது பி.ஈ. வந்திருந்தால்: 1.5
- இருமலில் ரத்தம்: 1
- புற்றுநோய்: 1

4-க்கு மேல் போனால் நேராக சி.டி. ஸ்கேன். 4 அல்லது குறைவு என்றால் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை. அது இயல்பாக இருந்தால் பி.ஈ. இல்லை என்று சொல்லிவிடலாம். அத்தைக்குப் போட்டுப் பார்த்தேன். கால் 3, பொருத்தம் 3, நாடி 1.5, ஆபரேஷன் 1.5. மொத்தம் 9. காலை யாரும் பார்க்காத காலையில்கூட நாடியும் ஆபரேஷனும் 3 மதிப்பெண் தந்திருக்கும். குறைந்தபட்சம் ஒரு கேள்விக்குறியாவது விழுந்திருக்கும். ஏழு வரியில் நெஞ்சுச் சத்தம் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

டி-டைமர் கொரோனா காலத்தில் வீட்டுச் சொல் ஆகிவிட்டது. அதனால் ஓர் எச்சரிக்கை. அது "இல்லை" என்று சொல்லத்தான் உதவும், "இருக்கிறது" என்று சொல்ல உதவாது. காய்ச்சல், கர்ப்பம், ஆபரேஷன், புற்றுநோய், முதுமை எல்லாவற்றிலும் அது ஏறும். எந்த அறிகுறியும் இல்லாமல் பேக்கேஜில் டெஸ்ட் எடுத்து, எண்ணைப் பார்த்து பயப்படுவதில் அர்த்தமில்லை. சந்தேகம் பலமாக இருக்கும்போது, இயல்பான டி-டைமரை மட்டும் நம்பி நிறுத்துவதும் தப்பு.

இ.சி.ஜி.யில் பி.ஈ.க்கென்று ஒரு வடிவம் உண்டு. 1935-ல் மெக்கின், வைட் இருவரும் விவரித்தது. பரீட்சையில் கேட்பார்கள். நிஜத்தில் சிறுபான்மையினரிடம்தான் தெரியும். எக்ஸ்ரேயும் இ.சி.ஜி.யும் எடுப்பது, மற்ற நோய்களை விலக்க. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 97 காட்டினாலும் பி.ஈ. இருக்கலாம். உறுதி செய்வது, மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். அதுவரை நிற்க முடியாத அளவுக்கு ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு, கட்டில் பக்கத்திலேயே எக்கோ எடுத்து வலது கீழறை வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்

1960-ல் பிரிட்டனில் பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். ஸ்கேன் எல்லாம் கிடையாது. நான் மேலே எழுதிய மாதிரி அறிகுறிகளை வைத்தே நோயாளிகளைத் தேர்ந்தார்கள். உறைதடுப்பு மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் பி.ஈ.யால் இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் ஒருவரும் பி.ஈ.யால் இறக்கவில்லை. மருந்து தராமல் இனி ஆய்வைத் தொடர்வது நியாயமில்லை என்று அத்தோடு நிறுத்தினார்கள். ஹெபரின் பழைய மருந்து, எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்கும். பலமான சந்தேகம் இருந்து, ரத்தக்கசிவு ஆபத்து இல்லையென்றால், ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் முதல் டோஸ் போடுவதுதான் வழக்கம். பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. ரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து. இருக்கிற சிகிச்சை நல்ல சிகிச்சை. தட்டுப்பாடு சந்தேகத்துக்குத்தான்.

அந்தத் தட்டுப்பாட்டுக்கு ஒரு பழைய காரணமும் உண்டு: இது வெள்ளைக்காரர்களின் நோய், நமக்கு வராது என்ற எண்ணம். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் இறந்த நோயாளிகளின் ஆயிரம் உடற்கூறாய்வுகளை ஆராய்ந்து 2008-ல் வெளியான கட்டுரை, ஏறத்தாழ 16 சதவீதம் பேரின் நுரையீரலில் அடைப்பு இருந்ததைக் காட்டியது. தேடாததால் வராத நோயாகத் தெரிந்திருக்கிறது.

எனவே வீட்டில் யாருக்காவது காரணமில்லாமல் திடீரென்று மூச்சு முட்டினாலோ, மூச்சை இழுத்தால் குத்தினாலோ, மயங்கி விழுந்தாலோ, 108-ஐக் கூப்பிடுங்கள். ஜிப்மரோ, கடற்கரைப் பக்கம் உள்ள ஜி.ஹெச்.சோ, சி.டி. வசதியுள்ள வேறு ஆஸ்பத்திரியோ, எது கிட்டே இருக்கிறதோ அங்கே போங்கள். அவசரப் பிரிவில் பேச ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அந்த நிமிடத்தில் நெஞ்சைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள். "இத்தனாம் தேதி ஆபரேஷன் ஆச்சு", "குழந்தை பிறந்து இருபது நாள்", "போன வாரம் பாரிசிலிருந்து வந்தார்", "மூணு நாளா இடது கால் வீங்கியிருக்கு", இப்படித் தேதியோடு சொல்லுங்கள். அதற்குப் பிறகும் எல்லாம் கிளியர் என்று அனுப்பினால், மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "டாக்டர், இது நுரையீரல்ல ரத்தக்கட்டி இல்லேன்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க?" நல்ல டாக்டர் யாரும் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.